இலங்கையின் கிழக்குக் கரையில இருக்கிற குமண தேசிய பூங்காப் பக்கம் டென்ட் அடிக்கப் போறீங்களா

அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை எண்டு இறங்கி பூங்கா வாசல் இருக்கிற உகந்தைக்குப் போய்ச் சேர்ந்தம், பாணமைக்கு அங்கால ஒரே புழுதி, கமரா பேக்கைப் பொலித்தீனால நல்லாச் சுத்துங்க. பறவைகள் கூடு கட்டுறதப் பார்க்கணும் எண்டா மே, ஜூன்தான் சரி, ஆனா வெக்கை எண்டா வெக்கை, டென்டுக்குள்ள அவிஞ்சு போயிருவீங்க.

எனக்கு யானை, சிறுத்தை எல்லாம் ரெண்டாம்பட்சம் மச்சான், கரண்டி மாதிரிச் சொண்டுள்ள கரண்டிவாயன் பறவைதான் முக்கியம். சொண்டைப் பாதி திறந்து தண்ணிக்குள்ள விட்டு இடமும் வலமுமா ஆட்டிக்கிட்டே நடக்கும், ஏதாவது தட்டுப்பட்டாப் பட்டெண்டு மூடும், அந்த நொடியப் பிடிக்க கார்ட் நிறைய அழிச்சு அழிச்சு எடுத்தன். வெள்ளன போங்க, ஏழெட்டு மணிக்குப் பிறகு வெயில் வெள்ளை இறகை வெளிறடிச்சிரும். டென்ட் அடிக்கிறதுக்கு முன்கூட்டியே பெர்மிட் எடுங்க, கருவாட்டைப் பொரிச்சு வாசம் கிளப்பாதீங்க, கரடி இருக்கிற காடு.