பூட் 3-க்கு மாறும் நாட்கள்: நாட்குறிப்பு

மார்ச் 2
ஸ்டேஜிங்கில் (வெளியீட்டுக்கு முன் சோதிக்கும் சர்வரில்) எங்கள் செயலி ஸ்பிரிங் பூட் 3-இல், அதாவது ஜாவா செயலிகளுக்கான கட்டமைப்பின் 3-ஆம் பதிப்பில், ஓடுகிறது. லாகில் ஒரு பிழைகூட இல்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை.

மார்ச் 3
ஆடிட் டேபிள் காலி. கோரிக்கை வருகிறது, பதில் போகிறது. யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு மட்டும் விழவில்லை. அதை எழுதும் ஆடிட் ஃபில்டர் எங்கள் பொது ஸ்டார்ட்டரிலிருந்து (செயலியில் சேர்த்தாலே தேவையானதை அமைத்துத் தரும் நூலகம்) தானாக வந்து சேர வேண்டியது. வரவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை.

இரவு
டீபக் ஆப்ஷன் போட்டு ஓட்டினேன். எதைத் தானாகச் சேர்த்தது, எதை விட்டது என்று பூட் பட்டியலிடும். பாசிட்டிவ் மேட்சஸில் (சேர்த்தவை) டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு), ஜாக்சன் (ஜேசன் நூலகம்). நெகட்டிவ் மேட்சஸில் (விட்டவை) மாங்கோ டேட்டாபேஸ், தேவையான கிளாஸ் இல்லை என்ற காரணத்தோடு. எங்கள் ஆடிட் இரண்டிலும் இல்லை. நிராகரித்திருந்தால் காரணம் இருந்திருக்கும். அதைக் கூப்பிடவே இல்லை.

மார்ச் 4
தூக்கம் வரவில்லை. இதுபோல் வேறு என்னவெல்லாம் காணாமல் போயிருக்கிறதோ?

மார்ச் 5
பிடித்துவிட்டேன். ஸ்டார்ட்டர் தன் கிளாஸ் பெயரை ஸ்பிரிங்.ஃபேக்டரீஸ் கோப்பில் வைத்திருக்கிறது. 2.7-இலேயே அதற்குத் தனிக் கோப்பு வந்துவிட்டது, அதன் பெயர் “.இம்போர்ட்ஸ்” என்று முடியும், வரிக்கு ஒரு கிளாஸ். 2.7 இரண்டையும் படித்தது. 2022 நவம்பரில் வந்த 3.0, ஆட்டோ கான்ஃபிகரேஷனுக்காக (இப்படித் தானாக அமைப்பதற்காக) பழைய கோப்பைப் பார்ப்பதில்லை. அந்தக் கோப்பு வேறு வேலைகளுக்கு இன்னும் செல்லும், அதனால் எச்சரிக்கையும் கிடையாது.

மார்ச் 6
புதிய கோப்பைச் சேர்த்தேன். ஆடிட் இப்போது நெகட்டிவ் மேட்சஸில் நிற்கிறது: ஜாவாக்ஸ்.சர்வ்லெட்.ஃபில்டர் கிடைக்கவில்லையாம். பூட் 3-இல் ஜாவாக்ஸ் என்ற பெயர் ஜகார்த்தா ஆகிவிட்டது, அதற்கு மாற்ற வேண்டும். எவ்வளவு நிம்மதி! காரணம் தெரிந்தால் வேலை செய்யலாம். ஸ்டார்ட்டரை வைத்திருக்கும் குழுவிடம் சொல்லியாயிற்று.

மார்ச் 9
திருத்திய ஸ்டார்ட்டரின் ஜார் (ஜாவா தொகுப்புக் கோப்பு) இன்னும் வரவில்லை. ரிலீஸ் நிற்கிறது.

பூட் விலகிக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த குணம். நம் பீன்களை (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்களை) முதலில் பதிவு செய்துவிட்டு, தன்னுடையதைக் கடைசியில் பார்க்கும். நாமே ஒரு டேட்டாசோர்ஸ் எழுதியிருந்தால் தன்னுடையதைத் தராது. ‘அப்படி ஒரு பீன் ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும்’ என்னும் கண்டிஷனல் ஆன் மிஸ்ஸிங் பீன் நிபந்தனை நம்பியிருப்பது இந்த வரிசையைத்தான். ஆனால் ஆடிட்டுக்கு இந்தப் பெருந்தன்மை வேண்டாம். அந்த ஃபில்டர் இல்லையென்றால் செயலி ஸ்டார்ட் ஆகவே கூடாது. அதற்கு ஒரு சோதனை எழுதி வைத்தேன். ரிவ்யூவில் அதிகப்படி என்றார்கள். எடுக்க மாட்டேன்.

மார்ச் 10
ஜார் வந்தது. பாசிட்டிவ் மேட்சஸ். டேபிளில் வரிகள் விழுகின்றன.

மாலை
மற்ற பொது ஸ்டார்ட்டர்களின் ஜார்களையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரேட் லிமிட் (கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும்) ஸ்டார்ட்டரில் இம்போர்ட்ஸ் கோப்பு இல்லை.