ஒரு கண்ணில் மட்டும் கறுப்பு

இன்று காலை நுண்ணோக்கியில் பார்த்த மீன் குஞ்சுக்கு ஒரு கண் முழுக்க வெளுத்திருந்தது. இன்னொரு கண்ணில் திட்டுத்திட்டாகக் கறுப்பு.

மூன்று நாள் வயதுள்ள ஜீப்ரா மீன். முட்டை ஒரே செல்லாக இருந்தபோதே மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் கலவையை ஊசியால் செலுத்தியிருந்தேன். நிறமிக்கான டைரோசினேஸ் மரபணுவை வெட்ட வேண்டும். வழிகாட்டி ஆர்.என்.ஏ.வில் இலக்கைத் தேடும் பகுதி வெறும் 20 எழுத்து. அதை வைத்துக்கொண்டு மீனின் டி.என்.ஏ.வில் உள்ள நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளுக்குள் தன் இடத்தை, வெட்டும் நொதியான கேஸ்9 கண்டுபிடித்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

சரி, அப்புறம் ஏன் அந்தக் கறுப்புத் திட்டு?

செல் பிரியத் தொடங்கிய பிறகும் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். சில செல்கள் மாறும், சில தப்பிவிடும்.

2023இல் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்கு முதல் கிரிஸ்பர் சிகிச்சை ஒப்புதல் பெற்றது. அதில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, சோதித்த பிறகே திரும்பச் செலுத்துகிறார்கள்.

கருவில் அது முடியாது. எடுத்துப் பார்த்த செல் சரியாக இருந்தாலும் பக்கத்துச் செல் வேறாக இருக்கலாம். மனிதக் கருவில் கை வைக்க அவசரப்படுகிறவர்கள் இந்தக் கண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

குஞ்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டிருக்கிறேன். அது வளர்ந்து இனம் பெருக்கும்போதுதான் தெரியும், மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கிறதா என்று.