கல்லாவில் மாற்றி எடுத்த காசுகள்

அப்பாவின் காசு டப்பாவைத் திறந்து இந்த ஞாயிறோடு மூன்று மாதம் ஆகிறது. எண்ணிப் பார்த்ததில் மொத்தம் 614 காசு. இதுவரை 390ஐ வருஷவாரியாகப் பிரித்து அட்டையில் போட்டிருக்கிறேன். மீதி சாப்பாட்டு மேசையில் கிண்ணம் கிண்ணமாகக் கிடக்கிறது.

கும்பகோணத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை இருந்தது. ராத்திரி கடையை எடுத்துவைத்ததும் அப்பா பழைய பேப்பரை விரித்து கல்லாவைக் கவிழ்ப்பார். சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்குவது என் வேலை. அதில் பழைய காசோ புதுப் படம் போட்ட காசோ கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். "கல்லாக் காசு கடைக்குச் சொந்தம். அதே மதிப்புக்கு நம்ம காசைப் போட்டுட்டு எடு" என்பார். நாலணா எடுத்தால் நாலணா போட வேண்டும். அவரும் சட்டைப் பையிலிருந்து போட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டி வந்த திருவள்ளுவர் ஐந்து ரூபாய் ஒருநாள் எங்கள் கல்லாவில் விழுந்தது. என் உண்டியலில் இருந்தது ஒன்றேமுக்கால் ரூபாய். அப்பா அந்தக் காசைத் தீப்பெட்டிக்குள் போட்டு கல்லாவின் மூலையிலேயே வைத்துவிட்டார். தினமும் ராத்திரி கணக்கில் அதையும் சேர்த்தே எண்ணுவோம். பத்தொன்பதாம் நாள் மீதிக் காசு சேர்ந்தது. ஐந்து ரூபாய்க்கும் சில்லறையைக் கொட்டிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். இன்றைக்கும் அந்தக் காசுக்குப் பெரிய விலை கிடையாது. 614 காசில் முதலில் தேடி எடுத்தது அதைத்தான்.

பிரிக்கும் வேலையை அப்பாவை வைத்தே ஆரம்பித்தேன். அவருக்கு இப்போது 79 வயது. வருஷம் படிக்கும் அளவுக்குப் பார்வை இல்லை. ஆனால் காசைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சதுரம் என்றால் பெரும்பாலும் அஞ்சு பைசா. நெளி விளிம்பு என்றால் பெரும்பாலும் பத்துப் பைசா. ஆறு மூலை இருந்தால் மூன்று பைசாவா இருபது பைசாவா என்பதை அளவை வைத்துச் சொல்லிவிடுகிறார். ஒரே மத்தியானத்தில் இருநூறு காசுக்கு மேல் பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கண்ணாடி போட்டும் அந்த வேகம் வரவில்லை.

அடுத்தது காந்தச் சோதனை. ஓட்டை ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கடையிலேயே இருக்கும். அப்பா சிறுவயதில் சொல்லிக்கொடுத்ததை இப்போது வரிசையாகச் செய்து பார்த்தேன். 1947இல் வந்த புலி போட்ட ரூபாய், 1950ஆம் வருஷத்து ஒரு ரூபாய், நயா பைசா காலத்து 25 பைசா, 50 பைசா எல்லாம் சுத்த நிக்கல். டக்கென்று ஒட்டிக்கொள்கின்றன. 1972க்குப் பிந்தைய செம்பு நிக்கல் கலந்த நாலணா அசையவே இல்லை. ஆனால் 1988இலிருந்து வந்த காண்டாமிருக நாலணா எஃகு என்பதால் அதுவும் ஒட்டும். காந்தத்தை மட்டும் நம்பினால் தப்பாகிவிடும், வருஷத்தையும் பார்க்க வேண்டும்.

வருஷத்துக்குக் கீழே உள்ள குறியைப் பார்க்க பத்து மடங்கு லென்ஸ் வாங்கினேன். வைரக் குறி என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எங்கள் கல்லாவில் விழுந்த காசு எந்த ஊரில் அச்சாகி வந்தது என்று பார்ப்பதில் ராத்திரி பன்னிரண்டு மணி ஆவதுகூடத் தெரிவதில்லை.

கஷ்டப்பட்டது செப்புக் காசுகளோடுதான். நான் கல்லூரியில் படித்தபோது மலிவான பிளாஸ்டிக் பை ஆல்பம் ஒன்றில் அவற்றைப் போட்டுவைத்தேன். அந்த பிவிசி பிளாஸ்டிக் இளகி, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று படிந்திருந்தது. பிசுக்கைக் கரைக்கும் திரவமான சுத்த அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்து ஊறவிட்டேன். தேய்க்கவே இல்லை. இரண்டு தரம் மாற்றியதும் பிசுக்கு கரைந்துவிட்டது. செம்பு அரிக்கப்பட்ட இடங்கள் மட்டும் குழி விழுந்து அப்படியே நிற்கின்றன. இப்போது போடுவது நடுவில் மைலார் என்ற மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டிய சதுர அட்டை. ஸ்டேப்ளர் பின்னைப் போட்டதும் குறடால் அமுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த அட்டையில் இருக்கும் காசைக் கீறிவிடும்.

ஓட்டைக் காலணா ஒன்று இருக்கிறது, 1944ஆம் வருஷத்தது. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். கடைக்கு வரும் பாட்டி ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்தது, கருப்பட்டி நிறத்தில் இருக்கும். ஒன்பது வயதில் நான் அதைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தோஷமாகக் கொண்டுபோய் நீட்டினேன். அப்பா திட்டவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐம்பது வருஷத்து நிறம்டா" என்றார். லென்ஸில் பார்த்தால் கிரீடத்தின் மேல் அந்தக் கீறல்கள் இன்னும் தெரிகின்றன. நிறம் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அதை அசிட்டோனில்கூடப் போடவில்லை.

அலுமினியப் பத்துப் பைசாவில் 1971 முதல் 1982 வரை வருஷத்துக்கு ஒன்று சேர்க்க அப்பா ஆசைப்பட்டார். 1975 மட்டும் கடைசிவரை கல்லாவில் விழவில்லை. 2011 ஜூன் 30உடன் நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. இனி எந்தக் கல்லாவிலும் அந்த 1975 பத்துப் பைசா விழப்போவதில்லை. போன வாரம் பழைய காசு விற்பவரிடம் 1975ஐப் பார்த்தேன், வாங்கிவிட்டேன்.

கையில் வைத்ததும் அப்பா விளிம்பைத் தடவினார்.

"எவ்வளவு போட்ட?"

"இருபது ரூபா, அப்பா."

"பத்துப் பைசாவுக்கா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையைத் துழாவி இரண்டு பத்து ரூபாய்க் காசுகளை என் பக்கம் தள்ளினார். பிறகு 1974க்கும் 1976க்கும் நடுவே இருந்த இடத்தை விரலால் தேடி, தானே வைத்தார்.