ஒற்றைக் கட்டு பிளாக்ஜாக்: ரம்மி ஆடுபவர்களுக்கு ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் ரம்மி நன்றாக ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கீழே விழுந்த சீட்டை மறக்க மாட்டார்கள். ஆட்டின் ஏழு ஒன்று போயிற்று, இஸ்பேடு ராணி இரண்டுமே போயிற்று என்று மனசு தானாகக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஞாபக சக்தி இருந்தால் பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் விட வேண்டியதே அந்தப் பழக்கத்தைத்தான். பிளாக்ஜாக் என்பது சூதாட்ட விடுதிக்காகச் சீட்டுப் போடும் டீலரோடு மோதுவது: கையின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகமாக இருக்க வேண்டும்; ஜாக்கி, ராணி, ராஜாவும் பத்துதான், ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. அதில் இஸ்பேடு, ஆட்டின் என்ற பேதம் இல்லை. எந்தச் சீட்டு போனது என்பதும் முக்கியமில்லை. சின்னது அதிகம் போயிற்றா, பெரியது அதிகம் போயிற்றா என்ற ஒரே கேள்விதான்.

எண்ணுவதில் ஏன் பலன் இருக்கிறது என்பதற்கு மாங்காய் மண்டியே போதும். ஒரு கிரேட்டில் பாதி செந்தூரா, பாதி பெங்களூரா. கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறீர்கள். முதல் பத்தில் எட்டு பெங்களூரா வந்துவிட்டால், உள்ளே செந்தூரா கூடுதல் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். தாயக்கட்டைக்கு இந்தக் கதை பொருந்தாது. அதற்கு போன முறை என்ன விழுந்தது என்று தெரியாது. சீட்டுக்கட்டு கிரேட் மாதிரி. கலைக்கும் வரை, போனது போனதுதான்.

எண்ணும் முறைகளில் எளியது ஹை-லோ. ஹார்வி டப்னர் 1963-ல் முன்வைத்தது; எட்வர்டு தார்ப் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ‘பீட் த டீலர்’ புத்தகத்தில் இருந்த பத்து-எண்ணும் முறையைவிட மனசுக்கு இலகுவானது. 2, 3, 4, 5, 6 போனால் ஒன்று கூட்டு. 7, 8, 9 போனால் விட்டுவிடு. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் போனால் ஒன்று கழி. கூட்ட 20 சீட்டு, கழிக்க 20 சீட்டு, சும்மா 12. கட்டு முழுக்கப் போனால் விடை பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும்.

அந்தப் பூஜ்யம்தான் பயிற்சிக்கு வாத்தியார். ஒரு பழைய ரம்மி கட்டில் ஜோக்கரை எடுத்துவிடுங்கள். 52-ல் ஒன்றைப் பார்க்காமல் கவிழ்த்து ஓரமாக வைத்து, மீதி 51-ஐ வேகமாகத் தள்ளி எண்ணுங்கள். +1-ல் முடிந்தால் கவிழ்த்தது பெரிய சீட்டு. −1 என்றால் சின்னது. பூஜ்யம் என்றால் 7, 8, 9-ல் ஒன்று. 30 வினாடிக்குள், தொடர்ந்து இருபது முறை தப்பில்லாமல் வர வேண்டும். வேகத்துக்கு வழி, சீட்டை ஜோடியாகப் பார்ப்பது. ராஜாவும் ஐந்தும் சேர்ந்து வந்தால் வாயே திறக்காதீர்கள், அது பூஜ்யம். ஒவ்வொரு சீட்டுக்கும் “கூட்டு ஒன்று, கழி ஒன்று” என்று முனகுகிறவர் கடைசி வரை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கமாட்டார்.

ஒரு நியாயமான சந்தேகம் எழும். பெரிய சீட்டு எனக்கு வருகிற அளவுக்கு டீலருக்கும் வரும், பிறகு லாபம் எங்கே? சட்டதிட்டம் இருவருக்கும் ஒன்றில்லை, அங்கேதான். ஏஸும் பத்தும் சேர்ந்த பிளாக்ஜாக் உங்களுக்கு வந்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலருக்கு வந்தால் உங்கள் பந்தயம் மட்டும்தான் போகும். 12 முதல் 16 வரை கையில் இருக்கும்போது நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். டீலர் எடுத்தே ஆக வேண்டும், கட்டில் பெரியது நிறைய இருந்தால் 21-ஐத் தாண்டி வெடிப்பார். 10, 11-ல் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் (டபுள்) உரிமையும் உங்களுக்குத்தான். இந்த மூன்றும் சேர்ந்தே லாபம். பெரிய சீட்டு மிச்சம் இருக்கிறது என்பதற்காக அடுத்த கை உங்களுடையது என்று அர்த்தமில்லை. தோற்கும் கைகளே அப்போதும் அதிகம். வெல்லும் கைகள் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி ஒற்றைக் கட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு. ஒரு கட்டிலிருந்து ஒரே ஒரு 5 போனால் ஆடுபவரின் சாதகம், ஒரு சதவீதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஏறும். ஒரு ஏஸ் போனால் 0.6 சதவீத அளவுக்கு இறங்கும், ஒரு பத்து போனால் அரை சதவீதம். 8 போனால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. எட்டுக் கட்டு ஆட்டத்தில் இதே 5 போனால் பலன் எட்டில் ஒரு பங்குக்குக் கரைந்துவிடும். ஒரு லோட்டா தண்ணீரில் போட்ட உப்பும் கே.ஆர்.பி. அணையில் போட்ட உப்பும் ஒன்றா?

இதனால்தான் கூட்டிக் கழித்து வரும் ஓடும் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. மிச்சமிருக்கும் கட்டால் வகுக்க வேண்டும். அதற்குப் பெயர் ட்ரூ கவுன்ட். ஒரு சுற்றில் 5, 3, ராஜா, 6, 4, 2, 9, ஜாக்கி என்று எட்டுச் சீட்டு போயிற்று. எண்ணிக்கை +3. மிச்சம் 44, அதாவது 0.85 கட்டு. 3-ஐ 0.85-ஆல் வகுத்தால் மூன்றரை. மேஜையில் இந்த வகுத்தலை யாரும் செய்வதில்லை. 39 சீட்டு மிச்சம் என்றால் எண்ணிக்கையோடு அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர், 26 மிச்சம் என்றால் இரட்டிப்பாக்கு, இடையில் குத்துமதிப்பு. ஒவ்வொரு ட்ரூ புள்ளிக்கும் சுமார் அரை சதவீதம் உங்கள் பக்கம் நகரும். ஆரம்பத்தில் சூதாட்ட விடுதிக்கு 0.2 சதவீதம் சாதகம் என்று வைத்தால், மூன்றரையில் உங்களுக்கு ஒன்றரை சதவீதம். இந்த ஆட்டத்தில் அது பெரிய தொகை.

எண்ணுவதில் தேறியவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் மேஜையில் எழுதியிருப்பதைப் படிக்காததால். பிளாக்ஜாக்குக்கு 3-க்கு-2 என்றிருந்தால் நூறு ரூபாய்க்கு நூற்றைம்பது. 6-க்கு-5 என்றிருந்தால் நூற்றிருபது. முப்பது ரூபாய்தானே என்று தோன்றும். ஒற்றைக் கட்டில் இரண்டு சீட்டு எடுக்க 1326 வழி. அதில் பிளாக்ஜாக் 64. அதாவது நூறு கைக்கு 4.8. டீலருக்கும் பிளாக்ஜாக் வந்து சமனாவதைக் கழித்து, முப்பதால் பெருக்கினால் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு ரூபாய் நாற்பது காசு போகிறது. இதை ஈடுகட்டவே ட்ரூ கவுன்ட் கிட்டத்தட்ட +3 வேண்டும். இன்று லாஸ் வேகாஸில் ஒற்றைக் கட்டு என்று விளக்கு போட்டு அழைக்கும் மேஜைகள் பெரும்பாலும் இந்த 6-க்கு-5 ரகம். அதில் உட்கார்ந்து எண்ணுவதும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளப்பதும் ஒன்று. மற்ற விதிகள் இதற்குப் பிறகுதான்: ஏஸும் ஆறும் சேர்ந்த சாஃப்ட் 17-ல் டீலர் இன்னொன்று எடுத்தால் 0.2 சதவீதம் அவர் பக்கம், 10, 11-ல் மட்டுமே டபுள் என்றால் இன்னும் கால் சதவீதம்.

அடுத்தது, கலைப்பதற்கு முன் எத்தனை சுற்று கிடைக்கும். ஆறு என்ற கணக்கை நினைவில் வையுங்கள்: ஆட்கள், சுற்றுகள் இரண்டும் சேர்ந்து ஆறு. நீங்கள் தனி ஆள் என்றால் ஐந்து சுற்று, இருவர் என்றால் நான்கு, மூவர் என்றால் மூன்று. ஒரு கைக்குச் சராசரி 2.7 சீட்டு என்பதால் ஏறக்குறைய பாதிக் கட்டு வரை போகும். ஐந்து பேர் உட்கார்ந்த மேஜையில் ஒரே சுற்று, உடனே கலைப்பு. அங்கே எவ்வளவு அழகாக எண்ணினாலும் பந்தயத்தை ஏற்ற இடமே வராது. இன்னொரு வில்லங்கம், எண்ணத் தெரிந்த டீலர். எண்ணிக்கை இறங்கினால் தொடர்ந்து போடுவார், ஏறினால் கலைத்துவிடுவார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் எழுந்துவிட வேண்டியதுதான்.

ஒற்றைக் கட்டில் டீலர் சீட்டைக் கையிலேயே வைத்திருப்பார். ஆடுபவர்களுக்கு இரண்டும் கவிழ்த்து வரும். இன்னொன்று வேண்டுமென்றால் சீட்டின் ஓரத்தால் துணியைச் சுரண்ட வேண்டும், போதும் என்றால் சில்லுகளுக்கு அடியில் செருக வேண்டும். எண்ணிக்கை குழம்புவது இங்கேதான். உங்கள் இரண்டு, டீலரின் திறந்த ஒன்று, பக்கத்து ஆள் கேட்டு வாங்கித் திறந்தபடி விழுந்தவை, இவற்றை முதலில் எண்ணுகிறீர்கள். கடைசியில் டீலர் எல்லோர் கையையும் திறக்கும்போது, ஏற்கனவே எண்ணியதையும் சேர்த்து மறுபடி எண்ணிவிடுவீர்கள். தவிர்க்க ஒரு வழி: திறந்து விழுந்தவற்றைத் தொடாமல், அடியிலிருந்து புரளும் இரண்டை மட்டும் கடைசியில் எண்ணுங்கள். டீலர் முதலில் ஒதுக்கி வைக்கும் சீட்டைப் பார்க்க முடியாவிட்டால், அது கட்டிலேயே மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒற்றைக் கட்டில் கவுன்டின் ருசி தெரிவதே இங்குதான். டீலருக்கு ஏஸ் திறந்திருக்கிறது. அவர் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டு பத்து என்று தனியாகப் பந்தயம் கட்டுவதே இன்ஷூரன்ஸ்; பத்து இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தருவார். எனவே மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து இருந்தால்தான் வாங்க வேண்டும். புதுக் கட்டு, உங்கள் கையில் பத்து இல்லாத இரண்டு சீட்டு: 49-ல் 16, அதாவது 32.65 சதவீதம். ஒரு மயிரிழை குறைவு. பத்து இல்லாத இன்னொரு சீட்டைப் பார்த்திருந்தால் 48-ல் 16, மிகச் சரியாக மூன்றில் ஒன்று. இன்னும் ஒன்று பார்த்தால் 47-ல் 16, வாங்கலாம். ஆனால் உங்கள் கையிலேயே இரண்டு பத்து இருந்தால் 49-ல் 14 ஆகிவிடும். “நல்ல கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்” என்று டீலர் சிரித்தபடி சொல்வது அப்போதுதான். பிளாக்ஜாக்கே வைத்திருப்பவருக்கு ‘ஈவன் மணி’ என்று பந்தயத்துக்குச் சமமான பணத்தை உடனே தருவதும் இதே வியாபாரம். மறுத்தால் சராசரியாக நூறுக்கு நூற்று நான்கு ரூபாய் கிடைக்கும், ஒப்புக்கொண்டால் நூறு.

ஆடும் முறையில், எந்தக் கைக்கு என்ன செய்வது என்று பல கட்டு ஆட்டங்களுக்குப் போட்ட அடிப்படை அட்டவணையை அப்படியே கொண்டுவராதீர்கள். ஒற்றைக் கட்டில் 11-ஐ டீலரின் ஏஸுக்கு எதிராகவும் டபுள் செய்யலாம், 8-ஐ 5, 6-க்கு எதிராக டபுள் செய்யலாம். இரண்டு ஏழு வைத்திருக்கும்போது டீலருக்குப் பத்து என்றால் நிறுத்துங்கள். உங்களை 21 ஆக்கும் ஏழில் இரண்டு உங்கள் கையிலேயே தீர்ந்துவிட்டது. பத்துக்கு எதிரான 16, ட்ரூ கவுன்ட் பூஜ்யத்துக்கு மேல் போனால் நிறுத்தம். அந்த 16-ல் 4 அல்லது 5 இருந்து மூன்று சீட்டாக வந்திருந்தால் பூஜ்யத்திலும் நிறுத்தம். பத்துக்கு எதிரான 15-ஐ +4-லிருந்தும், மூன்றுக்கு எதிரான 12-ஐ +2-லிருந்தும் நிறுத்த வேண்டும். இந்த நான்கைந்து மாற்றமே பலனில் பெரும்பகுதி. நூறு எண் மனப்பாடம் செய்வது பெருமைக்குத்தான்.

எண்ணிக்கை ஏறும்போது பந்தயத்தை ஏற்றலாம், ஆனால் உங்கள் சின்னப் பந்தயத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் விரிக்கக் கூடாது. ஒன்றுக்கு எட்டு என்று தாவினால் அடுத்த கணமே கலைப்பார்கள். அளவுக்கு ஒரு சூத்திரம்: கையிருப்பை சாதக சதவீதத்தால் பெருக்கி 1.3-ஆல் வகுத்து, அதிலும் பாதி. ஒரு லட்சம் கையிருப்பு, ஒரு சதவீத சாதகம் என்றால் சுமார் 400 ரூபாய். சம்பளத்தில் வைத்தால் இந்தச் சூத்திரம் பொருந்தாது, கையிருப்பு என்பது முழுதாகப் போனாலும் வீட்டில் அடுப்பு எரிகிற பணம்.

நம் பக்கத்தில் இதை எங்கே ஆடுவது? செல்போன் ஆப்பில் கணினியே சீட்டுப் போடும் பிளாக்ஜாக்கில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைகிறது, எண்ண ஒன்றுமே இல்லை. அதற்கு ‘கவுன்ட் பாட்’ என்று சீட்டு எண்ணும் மென்பொருள் விற்பவன் உங்களைத்தான் எண்ணுகிறான். மேலும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. ஓசூர் தாண்டி பெங்களூரு போய் கோவாவுக்கு ராத்திரி பஸ் பிடிப்பவர்கள், மேஜையில் ஆடிய சீட்டை உடனுக்குடன் விழுங்கும் கலைப்பு எந்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கவுன்டை மடித்துப் பையில் வையுங்கள்.

வரிக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு நாளைக்கு நூறு கை, ஒரு சதவீத சாதகம்: எதிர்பார்க்கும் லாபம் ஒரு பந்தயம். ஏற்ற இறக்கத்தின் அளவோ பதினொன்றரைப் பந்தயம். வென்ற நாட்களில் வந்ததை மட்டும் கூட்டி எல்லா நாளுக்கும் பகிர்ந்தால் நாளுக்கு ஐந்து பந்தயம் வரும். சீட்டாட்ட வெற்றிக்கு வரி 30 சதவீதம், செஸ் சேர்ந்து 31.2, தோற்றதைக் கழிக்க முடியாது. ஐந்தில் 31.2 சதவீதம் என்றால் ஒன்றரைக்கு மேல். லாபம் ஒன்று, வரி ஒன்றரை.