பதினாறு மாதம்

காலையில் பஸ்ஸில் நின்றபடி வந்தேன். கண்டக்டர் அண்ணனின் தோல் பை கண்ணுக்கு நேரே. வார் அறுந்த இடத்தில் செருப்பு தைக்கிற நூலால் இரண்டு தையல்.

"எத்தனை வருஷமாச்சுண்ணா இந்தப் பை?"

"எட்டு நாள் ஸ்டிரைக்குக்கு முன்னாடி வாங்கினது தம்பி."

வருஷத்தைச் சொல்லவில்லை. ஸ்டிரைக்கைத்தான் சொன்னார்.

2018 ஜனவரி 4, சாயங்காலம் தமிழ்நாட்டில் அரசு பஸ்கள் திடீரென்று நின்றன. புதுச் சம்பளத்துக்கு பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57ஆல் பெருக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்டன, அரசு 2.44 என்றது. பொங்கல் நெருங்கி, ஊருக்குப் போக முடியாமல் ஜனம் தவித்து, கடைசியில் 11ஆம் தேதி உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை நடுவராக நியமித்த பிறகுதான் வண்டிகள் ஓடின.

ஆனால் பழைய ஊதிய ஒப்பந்தம் முடிந்தது 2016 ஆகஸ்டில். மூன்று வருட ஒப்பந்தம், அது என்றைக்கு முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே இரு தரப்புக்கும் தெரியும். அப்புறமும் பதினாறு மாதம் பேச்சுவார்த்தை இழுத்தது.

எட்டு நாளில் நடுவர் வர முடிந்ததென்றால், அந்தப் பதினாறு மாதத்தில் ஏன் வரவில்லை? தொழிலாளியையும் பயணியையும் எதிரெதிரே நிறுத்தியது அந்தத் தாமதம்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இறங்கும்போது அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விசில் கொடுத்தார். தையல் தாங்கியது.