யார் சொன்னது?

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பிரிவில் எனக்கு 5.5. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை: கேட்டல் 7.5, வாசிப்பு 7, பேச்சு 6.5. சராசரி 6.5 வந்துவிட்டது. இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நீர்ப் பொறியியல் எம்.எஸ்சி.க்கு இடம் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பிரிவும் 6-க்குக் கீழே போகக் கூடாது என்பது நிபந்தனை. அந்த அரை மார்க்குக்காகத்தான் 2023 கோடையில் பத்து வாரம் ஆங்கிலம் படித்தேன். கட்டணம் மட்டுமே நாலு லட்சம் ரூபாய்க்கு மேல்.

சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் தொடங்கும் ப்ரீசெஷனல், அதாவது பட்டப் படிப்புக்கு முந்தைய ஆங்கில வகுப்பில் தேறினால் செப்டம்பரில் நேரே எம்.எஸ்சி.க்குப் போய்விடலாம் என்று பல்கலைக்கழகமே வழி சொன்னது. அதில் ஒரு குழி இருந்தது. பட்டப் படிப்புக்கு மட்டும் போகிறவர்களிடம் சாதாரண ஐயெல்ட்ஸையே பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும். ப்ரீசெஷனலுக்கு விசா வேண்டுமென்றால் பிரிட்டன் விசாத் துறையான யூகேவிஐ-க்கான ஐயெல்ட்ஸ்தான் செல்லும். கேள்வித்தாள் ஒரே மாதிரிதான், சான்றிதழ்தான் வேறு. எனக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட் சாதாரணப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு, விசா கட்டத்தில் வந்து தலையைச் சொறிந்தார். இன்னொரு பதினாறாயிரம். சரி, எழுதுவதுதான் எழுதுகிறோம், இந்தத் தடவை 6 வந்துவிட்டால் ப்ரீசெஷனலே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். மறுபடியும் 5.5.

நல்லவேளையாக ப்ரீசெஷனலுக்கும் எம்.எஸ்சி.க்கும் சேர்த்து ஒரே காஸ் (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி) கொடுத்தார்கள், அதனால் ஒரே விசா. வங்கியில் பணம் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும், காசநோய்ப் பரிசோதனை எடுக்க வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான்.

பணம் இறுக்கமாக இருந்தால் மூன்றாவது முறையும் பரீட்சை எழுதிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பதினாறாயிரத்தையும் நாலு லட்சத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் மூன்றாவது முறை நான் 6 வாங்கியிருந்தால் எம்.எஸ்சி.யின் முதல் அசைன்மெண்டிலேயே குப்புற விழுந்திருப்பேன். காரணம், கோச்சிங் சென்டரில் நான் கற்றுக்கொண்ட எழுத்து அப்படி.

ஐயெல்ட்ஸின் இரண்டாவது எழுத்துக் கேள்விக்கு 40 நிமிடம், 250 வார்த்தை. எங்கள் சென்டரில் ஒரு வார்ப்பு கொடுத்திருந்தார்கள். முதல் வரி இது, இரண்டாம் பத்தி இது, நடுவில் ‘சமீபத்திய ஆய்வு ஒன்றின்படி 70 சதவீதம் பேர்’ என்று ஒரு வரி. எந்த ஆய்வு? ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் நாமே ஓர் ஆய்வை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். பரீட்சையில் அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அதற்கு முன் நாலு வருடம் இன்ஜினியரிங்கில் 16 மார்க் கேள்விகளுக்குப் பாயிண்ட் பாயிண்டாக எழுதித் தள்ளிய கை இது. அதிலும் ‘இதை நீ எங்கிருந்து எடுத்தாய்?’ என்று யாரும் கேட்டதில்லை. புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை முதல் வாரம் போய் இறங்கினேன். இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறைகிறது. எல்லாத் தெருவும் மேடு. வகுப்பில் நாங்கள் 14 பேர்: ஒன்பது பேர் சீனர்கள், சவூதியிலிருந்து இரண்டு பேர், தாய்லாந்துப் பெண் ஒருவர், துருக்கிக்காரர் ஒருவர், நான். சீன நண்பர்கள் இலக்கணப் பிழை இல்லாமல் எழுதுவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். நான் நேர் எதிர். முதல் வாரம் முழுக்க நானே பேசிக்கொண்டிருந்தேன், என்னை நானே பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன். ஆசிரியையை அவர் சொன்னபடி பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் கடைசிவரை வரவில்லை. ‘மேம்’ என்றே ஓட்டினேன். அவர் உள்ளே வரும்போது எழுந்து நிற்கும் பழக்கம் போக நாலு நாள் ஆயிற்று.

வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு, அதே அளவுக்கு வீட்டு வேலை. விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பது ஒரு பாடம். தாளில் இடது ஓரம் ஒரு பட்டை விட்டு, கீழே நாலு விரல் இடம் விட்டு எழுதும் கார்னெல் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இன்றும் உதவுவது அந்த ஓரம்தான்: புரியாததை அங்கே கேள்வியாக எழுதிக்கொள்ளலாம். அப்புறம் வார்த்தைப் பட்டியல். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் தொகுத்தது, 570 சொற்குடும்பங்கள், எந்தத் துறைக் கட்டுரையிலும் அடிக்கடி வருபவை. நான் அதை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன். இரண்டு வாரம் வீண். கட்டுரையில் எதிர்ப்பட்ட வார்த்தைகள்தான் மனதில் நின்றன, பட்டியலில் படித்தவை நிற்கவில்லை. வாசிப்பிலும் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருந்தது. முதல் வரியிலிருந்து அகராதியோடு ஊர்ந்து போகாமல் சுருக்கம், முடிவுரை, படங்கள், அதன் பிறகு தேவைப்பட்டால் மட்டும் நடுப்பகுதி. இதைப் பாவம் போல உணர்ந்தேன்.

தேர்ச்சிக்கு நாலு சோதனை. அதில் பெரியது 2,000 வார்த்தைக் கட்டுரை. தலைப்பை நாமே நம் துறையிலிருந்து எடுக்கலாம். நான் யோசிக்கவே இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், முடிச்சூரில். டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ரேஷன் கார்டையும் என் மார்க் ஷீட்டையும் பரணில் ஏற்றியவன் நான். அந்த வெள்ளம் எப்படி வந்தது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ‘செம்பரம்பாக்கம் ஏரியைத் திடீரென்று திறந்ததால்தான் எங்கள் பகுதி மூழ்கியது என்பது அனைவரும் அறிந்ததே’ என்று முதல் பத்தியிலேயே எழுதினேன்.

வரைவு திரும்பி வந்தது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டும் மென்பொருள் என் வரைவில் 38 சதவீதத்தை நிறம் தீட்டியிருந்தது. வாக்கியத்தின் நாலு வார்த்தையை மாற்றிவிட்டால் அது என் வாக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததன் விளைவு. அது போகட்டும், திருத்தலாம். உறுத்தியது வேறு. ‘அனைவரும் அறிந்ததே’ என்பதன் கீழே கோடு போட்டு, ஓரத்தில் இரண்டே வார்த்தை: யார் சொன்னது?

கோபம் வந்தது. நான் சொல்கிறேன், நின்றவன் சொல்கிறேன். ஆசிரியையைச் சந்திக்க ஒதுக்கியிருந்த இருபது நிமிடத்தில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ‘தண்ணீர் வந்ததற்கு நீங்கள் சாட்சி. எங்கிருந்து வந்தது என்பதற்கும் நீங்கள்தான் சாட்சியா?’ என்று மட்டும் கேட்டார். அறைக்குத் திரும்பி, அவரை மடக்குவதற்காகவே அடையாற்றின் வரைபடத்தைத் திறந்தேன்.

செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசு சொன்ன அந்தத் தண்ணீர் எங்களைத் தாண்டிக் கீழே போய்த்தான் ஆற்றில் விழுந்திருக்கிறது. எங்கள் கூடத்துக்குள் வந்தது பெரும்பாலும் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீராகத்தான் இருக்க முடியும். எட்டு வருடமாக ஆட்டோக்காரரிலிருந்து ஆபீஸ் நண்பர்கள்வரை எல்லாரிடமும் செம்பரம்பாக்கம் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். நானோ சிவில் இன்ஜினியர்!

அதற்கப்புறம்தான் கட்டுரை கட்டுரையாக ஆயிற்று. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமயமாதலின் தாக்கம் தென்படவில்லை என்றது. முதல் வரைவில் இவற்றைத் தனித்தனிப் பத்தியாக அடுக்கியிருந்தேன், ஒன்று ஒன்றோடு பேசவே இல்லை. இவர் ஏரி நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறார், அவர் மழையைப் பற்றிப் பேசுகிறார், இரண்டும் மோதவில்லை, ஆனால் இரண்டு பேரும் எங்கள் பக்கத்துச் சின்ன ஏரிகளை எவ்வளவு தூரம் கவனித்தார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இப்படி எழுத ஒன்பது நாள் பிடித்தது.

ஆங்கிலத்தில் இதற்கென்றே வினைச்சொற்கள் வைத்திருக்கிறார்கள்: ஒருவர் வாதிடுகிறார், ஒருவர் கருதுகிறார், ஒருவர் நிறுவுகிறார். எதைப் போடுகிறோமோ அதில் நாம் அவரை எவ்வளவு நம்புகிறோம் என்பது தெரிந்துவிடும். ‘இருக்கலாம்’, ‘தோன்றுகிறது’ போன்ற வார்த்தைகளை வரிக்கு வரி அளந்து போட வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட சொற்றொடர்களையெல்லாம் திரட்டி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ப்ரீசெஷனல் போகாதவர்களும் அதைப் பார்க்கலாம். அதைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் பள்ளித் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. தொல்காப்பியர் எழுத்து முப்பது என்று சொல்லவில்லை, ‘முப்பஃது என்ப’ என்றார். அப்படிச் சொல்வார்கள் என்றார். இடத்துக்கு இடம் ‘என்மனார் புலவர்’. பரிமேலழகர் உரையில் ‘என்பாரும் உளர்’. அதை அன்று நாங்கள் செய்யுளை நிரப்பும் அசை மாதிரி கடந்து போனோம். தாய்லாந்துப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

பேச்சுச் சோதனை, குழுவாக விவாதிப்பது, பத்து நிமிடம். அங்கே எனக்கு நல்ல மார்க் வரும் என்று நினைத்தேன், சுமாராகத்தான் வந்தது. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு அதிலிருந்து தொடங்காமல், என் கருத்தையே விரித்துக்கொண்டு போனதற்குக் குறைத்துவிட்டார்கள். நான் வாயாடி என்று பெருமைப்பட்ட இடத்தில் துருக்கிக்காரர், ‘நீங்கள் சொன்னதில் ஒரு சந்தேகம்’ என்று மெல்ல ஆரம்பித்து என்னைவிட அதிகம் வாங்கினார்.

கட்டுரைக்கு 64 மார்க். தேறிவிட்டேன். 14 பேரில் ஒருவர் தேறவில்லை, ஊருக்குத் திரும்பினார். அன்று மாலை கொண்டாட்டம் அரை மனதாகத்தான் நடந்தது.

எம்.எஸ்சி. தொடங்குவதற்கு இடையில் சில நாள் சும்மா இருந்தேன். ஷெஃபீல்டுக்கு வெளியே டேல் டைக் என்று ஓர் அணை. 1864 மார்ச்சில் அது உடைந்து 240 பேர் அளவில் செத்திருக்கிறார்கள். அதன் இன்றைய கரையைப் பார்க்கப் போனேன். அங்கிருந்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். அவர் இன்னும் முடிச்சூரில்தான் இருக்கிறார். மழைக்காலம் வந்தால் ஸ்கூட்டரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்.

‘அப்பா, நம்ம வீட்டுக்கு வந்தது செம்பரம்பாக்கம் தண்ணி இல்லப்பா.’

‘யாருடா சொன்னது?’

வரைபடத்தில் முடிச்சூரையும் திருநீர்மலையையும் வட்டம் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது.

‘சரி, அப்ப ஆதனூர் ஏரியத் தொறந்தது யாரு?’