முடிச்சு நிலைக்க வேண்டுமானால் வேரில் பூசணமும் வேண்டும்

பயறு விதையில் ரைசோபியம் கலந்து விதைத்ததோடு வேலை முடிந்துவிடாது. வேரில் முடிச்சு போட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக்கித் தரும் பாக்டீரியா அது. அந்த பாக்டீரியா குடியிருக்கும் வீடே வேர்தான். வேர் அழுகினால் முடிச்சும் போச்சு, தழைச்சத்தும் போச்சு.

காவலுக்கு நிற்பது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூசணம். வேரழுகலைக் கொண்டுவரும் ரைசக்டோனியா, மேக்ரோபோமினா போன்ற நோய்ப் பூசணங்களின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, செல்சுவரைக் கரைத்துத் தின்றுவிடும். வேருக்குள் குடியிருந்து உதவும் உட்பூசணமான வேமின் (VAM) உதவி வேறு மாதிரி. ஒரு மூலக்கூறு நைட்ரஜனை அம்மோனியாவாக்க முடிச்சுக்குக் குறைந்தது 16 ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, செலவாகிறது. ஏடிபியில் பாஸ்பரஸ் இருப்பதால், அதற்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாக வேண்டும். மண்ணில் மணிச்சத்து நகர்வதே அபூர்வம். வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். வேம் இழைகள் அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போய் எடுத்து வரும்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து வையுங்கள். ரைசோபியம் கடைசியில்தான், விதைக்கிற அன்றைக்கு: ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, உடனே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் பூசியதெல்லாம் வீண். கஞ்சி சூடாக இருந்தாலும் அப்படியே. நோய் அதிகமுள்ள நிலமென்றால் ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணிலும் இடலாம். வேமை விதைமேல் பூசிப் பயனில்லை. விதைக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், முளைவிடும் வேர் அதைத் தொட்டுக்கொண்டு இறங்கும்படி.

கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். பூசணக்கொல்லி மருந்துகளில் கார்பென்டாசிம் டிரைக்கோடெர்மாவை ஒடுக்கும், திரம் ரைசோபியத்தைப் பாதிக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் இரட்டை நஷ்டம்: மணிச்சத்து மிகுந்தால் செடி வேமை ஒதுக்கிவிடும், தழைச்சத்து மிகுந்தால் முடிச்சே விழாது.

பூக்கும் தருணத்தில் ஒரு செடியை எடுத்துப் பாருங்கள். பிடுங்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். மண்ணோடு தோண்டித் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையானால் ஓய்ந்துவிட்டது. வேர் வெள்ளை வெளேரென்று நன்றாக இருந்தும் முடிச்சே இல்லையென்றால் பூசணத்தின்மேல் பழி போட வேண்டாம், ரைசோபியம் பாக்கெட்டில் எந்தப் பயிருக்கானது என்று பாருங்கள். உளுந்துக்கான ரைசோபியம் சோயாவுக்கு ஒத்துவராது.